இரவல் பெயருக்கு நன்றி சொல்லப் பாலையூற்றுக்குப் போனேன்

நாங்கள் சைவக்காரர். வீட்டில் பிள்ளையார் உண்டு, வெள்ளிக்கிழமை மரக்கறி உண்டு, தைப்பூசத்துக்குப் பால்குடமும் உண்டு. ஆனால் எங்கள் குடும்பப் பெயர் சவரிமுத்து, கத்தோலிக்கப் பெயர். மலேசியாவின் கிள்ளானில் எந்தக் கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொன்னாலும் ஐயர் ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தட்டை வாங்குவார். சின்ன வயதில் எனக்கு அது பெரிய வெட்கம். அப்பாவிடம் கேட்டால், "அது அப்பப்பா கொண்டுவந்த பேர், பேசாமல் இரு" என்பார். நானும் ஐம்பத்திரண்டு வயது வரை பேசாமல்தான் இருந்தேன்.

சென்ற ஆண்டு அப்பா காலமானார். அவருடைய அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அவருடைய தந்தை, என் அப்பப்பா, கைப்பட எழுதிய பள்ளிக் கொப்பி ஒன்று கிடைத்தது. அதை வாசித்து முடித்த மறுநாளே விமானச் சீட்டின் விலை பார்க்கத் தொடங்கிவிட்டேன். இந்த ஆகஸ்டில் திருகோணமலைக்குப் போனது அதனால்தான். கடற்கரைக்கும் திமிங்கிலம் பார்க்கவும் வழி தேடி இந்தப் பக்கத்தைத் திறந்தவர்கள் கோபிக்க வேண்டாம். உங்களுக்கு உதவக்கூடியதும் ஆங்காங்கே இருக்கிறது.

கொப்பியில் இருந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போர்க்காலம். மலாயாவில் ரயில்வே கிளாக்காக இருந்த அப்பப்பா விடுமுறையில் யாழ்ப்பாணம் வந்திருந்த நேரம், மலாயா யப்பானியர் கையில் விழுந்தது. அவரை ஆங்கிலேயரின் இரகசியப் பிரிவு ஒன்று சேர்த்துக்கொண்டது. திருகோணமலையில் நீர்மூழ்கிக் கப்பல் ஏறி, மலாயாக் கரையில் இறங்கி, காட்டுக்குள் யப்பானியரோடு போரிட்டுக்கொண்டிருந்த சீனக் கெரில்லாக்களுடன் இருந்து வயர்லெஸ்ஸில் செய்தி அனுப்புவது அவருக்குத் தந்த வேலை.

வெளியே நடமாட அவருக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. கற்பனைப் பெயர் சரிவராது, யப்பானியர் தோட்டத்துப் பெயர்ப் பதிவைப் புரட்டிப் பார்ப்பார்கள். ஆகவே உண்மையான ஆள் ஒருவரைத் தேடிப் பிடித்தார்கள். அவர்தான் பாலையூற்று சவரிமுத்து. ஈப்போப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் லொறி ஓட்டிவிட்டு ஊர் திரும்பி, திருகோணமலைத் துறைமுகத்தில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தவர். மூன்று மாதம் பின்னேரங்களில் இருவரும் உட்கார்ந்து கதைத்திருக்கிறார்கள். தாயின் பெயர், தோட்டத்தில் படுத்த லயக் குடியிருப்பு, லொறியின் கியர் எங்கே இறுகும், செபமாலை சொல்லும் முறை என்று சவரிமுத்து தன் வாழ்க்கை முழுவதையும் சொல்லிக்கொடுத்தார். அவர் இடது கணுக்காலில் ஒரு தழும்பு இருந்ததாம். பயிற்சி முகாம் டாக்குத்தர் அப்பப்பாவின் காலிலும் அதே இடத்தில் கத்தி வைத்தார். அந்தத் தழும்பை நான் பார்த்திருக்கிறேன், சின்னப்பிள்ளையாகத் தடவியும் இருக்கிறேன்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: "போய் நன்றி சொல்ல வேண்டும். எனக்குத் துணிவு வரவில்லை. பிள்ளைகளில் யாராவது போகட்டும்."

இனிப் பயணம். கொழும்பு புறக்கோட்டையில் காலை ஏழு மணிக்குக் குளிரூட்டிய பஸ், ஒருவருக்கு 2,300 ரூபா. தூரம் ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஹபரணையில் இருபது நிமிடம் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். குளிரூட்டி என்று பெயர்தான், எனக்குக் கிடைத்த இருக்கைக்கு மேல் இருந்த ஓட்டையில் சூடான காற்று வந்தது. கந்தளாய் தாண்டியதும் வெயில் கண்ணைக் குத்தியது. பிற்பகல் 1.40க்குத் திருகோணமலை பஸ் நிலையத்தில் இறங்கினேன். உள்துறைமுக வீதிக்குப் பக்கத்தில் அறை எடுத்தேன், காலைச் சாப்பாட்டுடன் ஒரு நாளுக்கு 7,500. சுத்தமான அறை, ஆனால் நுளம்புக் கடி உண்டு.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு ஓட்டோ பிடித்தேன். கிண்ணியாவைச் சேர்ந்த நிசார் நானா ஓட்டினார்.

"பாலையூற்றில ஆர் வீடு மெடம்?"

"சவரிமுத்து எண்டு ஒருத்தர். லொறி ஓட்டினவர். இப்ப உயிரோட இருக்க மாட்டார்."

"மௌத்தான ஆளத் தேடியா மலேசியால இருந்து வாறீங்க?" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "சரி, கேட்டுப் பாப்பம்."

நாலு கிலோமீற்றர்தான், 500 ரூபா. மாதா கோயிலடிக் கடையில் நிறுத்தி விசாரித்துவிட்டு வந்தார். "தபால் கந்தோர் றெஜினா மிஸ்ட வாப்பாதான் அவர். மிஸ் பென்சன் எடுத்து வீட்டிலதான் இருக்காவாம்."

பச்சைக் கேற் போட்ட வீடு. எழுபது தாண்டிய, நிமிர்ந்த உடம்புக்காரப் பெண்மணி ஒருவர் கையில் தண்ணீர்க் குழாயுடன் வந்தார். விமானத்தில் நான்கு மணி நேரம் பேச்சை ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் "ஆர் நீங்கள்?" என்றதும் எல்லாம் மறந்துபோனது. "நான் மலேசியாவிலயிருந்து வாறன். வத்சலா சவரிமுத்து. சவரிமுத்துவின்ர பேத்தி" என்று சொல்லிவிட்டேன். இதைவிட மடத்தனமாக ஒருவர் வாயைத் திறக்க முடியாது.

அவர் குழாயைக் கீழே போட்டார். தண்ணீர் என் செருப்பை நனைத்துக்கொண்டு ஓடியது.

"வந்திட்டியள்" என்றார். "ஒருநாள் வருவினம் எண்டு அம்மா சொன்னவ. நான்தான் நம்பேல்லை. காணிக்கோ வந்தனீங்கள்? இது அம்மாவின்ர சீதனக் காணி. அப்பாவின்ர பேரில ஒரு சாண் நிலமும் இல்லை."

"காணிக்கு இல்லை அக்கா. நன்றி சொல்ல வந்தனான்."

"என்னத்துக்கு நன்றி? அப்பாவைப் பங்கு போட்டதுக்கோ?"

பின்னால் நிசார் நானா, "மெடம், நான் நிக்கவா, போகவா?" என்றார். எனக்கே தெரியவில்லை. நிற்கச் சொன்னேன்.

அக்கம்பக்கம் எட்டிப் பார்ப்பதைக் கண்டுதான் றெஜினா அக்கா என்னை உள்ளே விட்டார். உட்கார ஒரு கதிரையைக் காட்டினார், தேத்தண்ணி தரவில்லை. நான் கொப்பியை எடுக்க விடாமல் தானே பேசினார். அவருடைய தாய் மரியம்மா. போர்க்காலத்தில் கலியாணம் நிச்சயமானது. கத்தோலிக்கரின் கலியாண அறிவித்தலைக் கோயிலில் மூன்று ஞாயிறு பெயர் சொல்லி வாசிக்க வேண்டும். சவரிமுத்து அதை மூன்று தரம் தள்ளிப்போட்டார். காரணம் கேட்டால் வாய் திறக்கவில்லை. போர் முடிந்த பிறகுதான் கட்டினார். கட்டிச் சில வருடத்தில் மலாயாவிலிருந்து திரும்பிய ஊர்க்காரர் ஒருவர் மரியம்மாவிடம் சொன்னாராம்: "உன்ர புருசனுக்கு அங்க பெண்சாதி பிள்ளையள் இருக்கு. பதிவில பேரைப் பார்த்தனான். தாயின்ர பேரும் வெரோனிக்காதான், ஊரும் பாலையூற்றுதான்."

"அப்பாட்ட கேட்டா, 'அது நான் இல்லை' எண்டு மட்டும் சொல்லுவார். வேற கதை இல்லை. அம்மா அவருக்குச் சமைச்சுப் போட்டவ, வருத்தம் வந்தாப் பாத்தவ, ஆனா நம்பேல்லை. நான் தபால் கந்தோரில முப்பத்தொரு வருசம். மலேசியா முத்திரை கண்டா நெஞ்சு இடிக்கும். எங்கட விலாசமோ எண்டு முதல் அதைத்தான் பாப்பன். அப்பா முதல் போனவர். அம்மா சாக முதல் என்னட்ட சொன்னவ, 'என்ர பூசையில அவற்ர பேரைச் சேர்த்து வாசிக்கக்கூடாது. அவரோட வாசிக்க அங்க ஆக்கள் இருக்கினம்' எண்டு. பன்னிரண்டு வருசமா ரெண்டு பேருக்கும் வேற வேற நாளில பூசை ஒப்புக்குடுக்கிறன்."

கொப்பியில் ஓரிடத்தில் அப்பப்பா எழுதியிருக்கிறார், சவரிமுத்து தன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: "என்ர பேரைக் கெடுத்துப்போடாதையுங்கோ." விமானத்தில் அந்த வரியைப் பெருமையோடு வாசித்தவள் நான். அந்தக் கதிரையில் இருந்தபோதுதான் நாங்கள் என்ன செய்துவிட்டோம் என்று விளங்கியது. போர் முடிந்த பிறகும் அடையாளப் பத்திரம், வேலை, கலியாணப் பதிவு எல்லாம் அதே பெயரில் போனதால் அப்பப்பா அதை மாற்றவில்லை. யாருக்கும் தீங்கில்லை என்று நினைத்திருப்பார்.

கொப்பியை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு, பதிவுத் தபாலைச் சரிபார்க்கிறவர் மாதிரி வரிக்கு வரி விரல் வைத்து வாசித்தார். அப்பப்பா பாடமாக்கிய கேள்வி பதில் பகுதி வந்ததும் விரல் நின்றுவிட்டது. "இடது கணுக்காலில் தழும்பு எப்படி? கிளிவெட்டி வயலில் மண்வெட்டி பட்டது." அடுத்த பக்கத்தில், அப்பப்பாவை யப்பானியர் பிடித்து மூன்று நாள் விசாரித்த கதை. காட்டில் இருந்தவர்களின் உயிரெல்லாம் அவர் வாயில் இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் அவர் சவரிமுத்துவின் வாழ்க்கையையே பதிலாகச் சொன்னார். கலியாணம் ஆயிற்றா என்று கேட்டார்களாம். "ஊரில் மரியம்மா எனக்காகக் காத்திருக்கிறாள்" என்றாராம். நாலாம் நாள் விட்டுவிட்டார்கள். கலியாண அறிவித்தல் விஷயமும் அதில் இருந்தது. அந்தப் பெயரில் ஒருவர் எதிரியின் ஊரில் நடமாடும்வரை, இங்கே அதைக் கோயிலில் உரத்து வாசிக்க விடுவதில்லை என்று சவரிமுத்து கையெழுத்து வைத்திருக்கிறார். வெளியே சொல்வதில்லை என்றும் வைத்திருக்கிறார்.

றெஜினா அக்கா எழுந்து குசினிக்குப் போனார். வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி வரும்போது தேத்தண்ணி இருந்தது, நிசார் நானாவுக்கும் சேர்த்து மூன்று கோப்பை.

"அப்ப அப்பாவுக்கு அங்க ஒருத்தரும் இல்லை."

"ஒருத்தரும் இல்லை அக்கா. நாங்கள் வேற ஆக்கள். அவற்ர பேரை இரவல் வாங்கி உயிர் தப்பின ஆக்கள்."

"ஓம்" என்றார். பிறகு, "இதை அம்மாவுக்கு ஆர் சொல்லுறது?" என்று கேட்டார்.

மன்னிப்புக் கேட்டேன், நன்றியும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னதால் இரண்டும் ஒழுங்காக வரவில்லை.

சனிக்கிழமை காலை உள்துறைமுகத்தில் படகு எடுத்தேன், ஒரு மணி நேரம் 6,000 ரூபா. பேரம் பேசலாம், எனக்குத்தான் வராது. றெஜினா அக்காவும் வந்தார். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருந்தும் துறைமுகத்துக்குள் படகில் போனதில்லையாம். மூன்று பக்கமும் மலை, தண்ணீர் அசைவில்லாமல் கிடந்தது. நீர்மூழ்கிக் கப்பல்கள் இப்படித்தான் வெளியே போயிருக்கும் என்று படகுக்காரர் கையை நீட்டிக் காட்டினார்.

நான் மெல்லச் சொன்னேன், "அக்கா, நீங்கள் சொன்னா நாங்கள் பேரை மாத்துறம்."

"விசர்க்கதை கதைக்காதையுங்கோ. அப்பா மனசறிஞ்சு குடுத்தவர். குடுத்ததைத் திருப்பி வாங்கிற ஆக்கள் இல்லை நாங்கள்." தொப்பியைச் சரிசெய்துகொண்டு கேட்டார், "உங்கட அப்பப்பாவின்ர சொந்தப் பேர் என்ன?"

"கந்தையா."

கைப்பையிலிருந்து துண்டுக் காகிதம் எடுத்து எழுதிக்கொண்டார்.

போகப்போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மே முதல் செப்ரெம்பர் வரை போங்கள், அதன் பிறகு மழை. துறைமுகத்தில் கடற்படைப் பகுதியைப் படம் எடுக்க ஏலாது, படகுக்காரர் சொல்வதைக் கேளுங்கள். திமிங்கிலம் பார்க்கும் படகுகள் இங்கே இல்லை, வடக்கே கடற்கரைப் பக்கமிருந்து விடியற்காலையில் கிளம்புகின்றன. கோயில்களுக்குத் தோள் மூடிய உடுப்பு வேண்டும். ஒருவரைத் தேடிப் போவதானால் விலாசத்தை நம்பாதீர்கள், கோயிலடிக் கடையில் கேளுங்கள். ஓட்டோக்காரர் நல்லவராக அமைந்தால் அவரையே எல்லா நாளும் பிடியுங்கள். நிசார் நானா அன்று நான்கு மணி நேரம் வாசலில் நின்றதற்கு ஒரு சதமும் கூடுதலாக வாங்க மறுத்துவிட்டார். யாருக்காவது நன்றி சொல்ல வேண்டியிருந்தால் அடுத்த வருடம் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். நாங்கள் பன்னிரண்டு வருடம் முந்தியிருந்தால் மரியம்மாவிடமே சொல்லியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காலை பத்து மணிக்குக் கொழும்பு பஸ். ஆறரைப் பூசைக்கு வந்துவிட்டுப் போகும்படி றெஜினா அக்கா சொல்லியிருந்தார். முன்வரிசையில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். எப்போது எழும்புவது, எப்போது முழங்காலில் நிற்பது என்று தெரியாமல் அவரைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். இறந்தவர்களுக்காக மன்றாடும் இடம் வந்தது. பூசை வைத்த சுவாமி, றெஜினா அக்கா எழுதிக்கொடுத்த துண்டுக் காகிதத்தைப் பிரித்து வாசித்தார்: "சவரிமுத்து, அவருடைய மனைவி மரியம்மா, அவர்களின் நண்பர் கந்தையா."

றெஜினா அக்கா என் கையைப் பிடித்திருந்தார். மூன்று பெயரும் முடிந்த பிறகுதான் பிடியைத் தளர்த்தினார்.

"இப்ப அம்மாவுக்குத் தெரியும்" என்றார்.