அலுமினியக் கியரில் கேட்ட சத்தம்

ரெங்கம் என்ற சிற்றூரில் சைக்கிள் பழுதுபார்க்கிறேன். பழைய சைக்கிள்களில், பின்சக்கரத்தில் சங்கிலியைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தள்ளிவிடும் கியர் இரும்பென்றால் கனம், வளைந்தாலும் நிமிர்த்தலாம். அலுமினியம் இலேசு, அழகு. ஒருமுறை வளைந்தால் நம்பக் கூடாது.

தெரிந்தும், நண்பன் செல்வத்தின் வளைந்த அலுமினியக் கியரை நிமிர்த்தினேன். உள்ளே ‘டிக்’கென்று கேட்டது.

"இரும்பு மாட்டட்டுமா?" என்றேன்.

"அலமாக், அந்தக் கிழட்டு இரும்பா? வேணாம் லா!" என்று மலாய் கலந்து சொல்லிச் சிரித்தான்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லக் கூச்சப்பட்டு, அதையே மாட்டிக் கொடுத்துவிட்டேன்.

பாலோ ஊருக்குப் போகும் வழியில் ஓர் இறக்கத்தில் கியர் முறிந்து சக்கரத்துக்குள் சிக்கியது. விழுந்தவனுக்கு வலது முழங்கால் இன்றுவரை மடங்கவில்லை.

"ரோட்டுல இருந்த குழியை நான்தான் பார்க்கல. உன் வேலையில குறை இல்லடா" என்கிறான். நான் தலையாட்டுகிறேன். அவன் காலை இழுத்து நடக்கும்போதெல்லாம் அந்த ‘டிக்’ கேட்கிறது.

உங்களிடம் சொல்லிவிட்டேன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.