3,871 நாட்களை இடம் மாற்றப் போனது

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, காலை மணி 10.20. மேகம் இல்லை. வெயில் தண்டவாளத்தில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. கிள்ளான் ரயில் நிலையத்தில் ஒரு கணினிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழைய போர்வையில் சுற்றி, நான்கு இடத்தில் கயிறு போட்டுக் கட்டியிருந்தேன். வீட்டுத் தராசில் பெட்டியோடு ஒருமுறையும் பெட்டியில்லாமல் ஒருமுறையும் ஏறி நின்று பார்த்ததில் அதன் எடை ஒன்பது கிலோ. எனக்கு வயது எழுபத்தேழு. கே.எல். சென்ட்ரல் பதினான்காவது நிறுத்தம். அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸ் கடைக்கு 640 காலடி. முந்தின வாரமே போய் எண்ணி வைத்திருந்தேன்.

பெட்டிக்குள் என் மனைவி எழுதிய நாட்குறிப்பு இருந்தது. அவள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஓய்வு பெற்ற மறுநாள், 2010 ஜனவரி முதல் தேதி, தட்டச்சு செய்யத் தொடங்கினாள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கமும் தேதியைப் பெயராகக் கொண்ட தனிக் கோப்பு. இடையிடையே சில நாள் விட்டுப்போனாலும், இறப்பதற்குப் பத்து நாள் முன்புவரை எழுதினாள். உயிரோடு இருந்தவரை என்னைப் படிக்க விடவில்லை. ஆஸ்பத்திரியில் மட்டும், "அப்புறம் படிச்சிக்குங்க, நேரம் நெறைய இருக்கும்" என்றாள்.

2021 ஜூலையில் இறந்தாள். முதல் வருடத் திதி முடியும்வரை கணினியைத் தொடவில்லை. திதி கொடுத்த மறுநாள் முதல் பக்கத்தைத் திறந்தேன். அன்றே ஒரு விதியும் வைத்துக்கொண்டேன்: ஒரு நாளைக்கு ஒரு பக்கம், வரிசைப்படி. மொத்தம் 3,871 பக்கம் என்று திரையின் அடியில் காட்டியது. அந்தக் கணக்கில் முடிக்கும்போது எனக்கு எண்பத்தாறு ஆகும். அதற்குமேல் இருப்பேன் என்று தோன்றவில்லை. ஒரே மாதத்தில் படித்துத் தீர்த்துவிட்டு மீதி வருடங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அவள் எழுத்து சுருக்கமானது. 'இன்று பருப்பு ரசம். மழையில் அவர் துணியை எடுக்கவில்லை. எடுக்காத துணி எத்தனை என்று மட்டும் சொன்னார். பதினொன்று.' இது 2010 மார்ச்சில். 'மாடிப்படியை இன்றும் எண்ணிக்கொண்டே ஏறினார். நேற்றைவிட ஒன்றும் கூடவில்லை.' இது அதே ஆண்டு ஆகஸ்டில். இப்படி 588 பக்கம் படித்திருந்தேன். 2011 செப்டம்பருக்கு வந்திருந்தேன்.

எங்களுக்கு ஒரே மகள். பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் தொலைபேசியில் கூப்பிடுவாள். கூப்பிட்டதும் கேட்பது ஒன்றுதான்.

"எந்த வருஷத்துல இருக்கீங்கப்பா?"

"பதினொன்னு. செப்டம்பர்."

"கொஞ்சம் ஸ்கிப் பண்ணிப் பாருங்களேன். ஒரே ஒரு நாள்."

"வரிசையா வரும்."

"எனக்கு நாப்பத்தெட்டு வயசு ஆயிடும்ப்பா நீங்க அங்க வர்றதுக்குள்ள."

அவள் கேட்ட நாள் 2016 அக்டோபர் 15. அன்று அவளுக்குப் பதிவுத் திருமணம். மாப்பிள்ளை சீனர். வீட்டில் யாரும் சண்டை போடவில்லை. ஆனால் அன்று காலை என் மனைவி படுக்கையைவிட்டு எழவில்லை. "காய்ச்சல், நீங்க போயிட்டு வாங்க" என்றாள். நான் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. மணி எட்டு பத்து ஆகியிருந்தது; எட்டேகாலுக்குக் கிளம்ப வேண்டும். தனியாகப் போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு அவள் மகள் வீட்டுக்கு எத்தனையோ முறை போனாள். மருமகனுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தாள். அந்த நாளைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசியதில்லை. மகளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்: அம்மாவுக்கு உண்மையாகவே காய்ச்சலா?

கணினி 2009இல் வாங்கியது. 2024 சீனப் புத்தாண்டுக்குப் பிறகு அது திறந்துகொள்ளப் பதினேழு நிமிடம் எடுத்தது. உள்ளேயிருந்து டக், டக் என்று சத்தம் வந்தது. ஒருமுறை திறப்பதற்குள் ஒன்பது தட்டு. அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை ரயில் ஏறினேன்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது பழுதுபார்க்கும் கடை. இருபத்திரண்டு படி. நடத்துபவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். உள்ளே என் மனைவியின் டைரி இருப்பதைச் சொன்னேன். பெட்டியைத் திறந்து, காதை வைத்துக் கேட்டு, உடனே அணைத்துவிட்டார்.

"அங்கிள், இதுல இருக்கிற ஹார்ட் டிஸ்க் சாவப் போவுது லா. உள்ள தட்டு சுத்துது, ஊசி அதுல முட்டுது. இனிமே ஒவ்வொரு தடவ தொறக்கிறதும் ரிஸ்க்குதான்."

"புதுசா எஸ்எஸ்டி போடலாம்னு மகள் சொன்னுச்சி. சுத்துற தட்டே இல்லாததாமே."

"போடலாம். விண்டோஸ், புரோகிராம், பைலு, எல்லாத்தையும் அப்படியே அதுக்கு மாத்திக் குடுத்துடறேன். வீட்டு சாமான ஒண்ணுவிடாம அதே எடத்துல வச்ச மாதிரி இருக்கும். ஆனா மொதல்ல அந்த டைரி பைல மட்டும் ஒரு தம் டிரைவ்ல காப்பி எடுத்துக்குவோம். பத்து நிமிஷம்."

வேண்டாம் என்றேன். காரணம் இருந்தது. அவள் தட்டச்சு செய்தது பழைய தமிழ் எழுத்துரு மென்பொருளில். கிள்ளானில் ஒருவர் வீட்டுக்கு வந்து போட்டுக் கொடுத்துவிட்டுப் போனது. அந்தக் கணினியைத் தவிர வேறெதிலும் ஓடாதபடி பூட்டியிருந்தார். அவர் இப்போது இல்லை. முன்பு ஒருமுறை இரண்டு பக்கங்களை நகலெடுத்து நூலகத்துக் கணினியில் திறந்து பார்த்தேன். கொம்பும் வாலும் முளைத்த ஆங்கில எழுத்துக்களாக நின்றன. என் மனைவி பேசியதை யாரோ வாயில் துணி வைத்து அடைத்ததுபோல் இருந்தது. அன்றிலிருந்து நகல் என்றாலே நம்பிக்கை போய்விட்டது. மாற்றினால் மொத்தமாக, அந்த மென்பொருளோடு மாற்ற வேண்டும்.

"எழுத்த அப்புறம் மாத்திக்கலாம் அங்கிள். அதுக்கு ஆளுங்க இருக்காங்க. பைலு இருந்தாத்தானே மாத்த முடியும்?"

"மொத்தமாவே மாத்திடுங்கம்மா."

"சரி, வச்சிட்டுப் போங்க. நாளைக்கு மத்தியானம் வாங்க."

அப்போதுதான் நான் அந்தத் தவற்றைச் செய்தேன். போர்ட் கிள்ளானில் முப்பத்துநான்கு ஆண்டு சரக்கு எண்ணும் எழுத்தராக வேலை பார்த்தவன் நான். ஒரு கிடங்கிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் எந்தச் சரக்கையும் ஏற்றும்முன் எண்ண வேண்டும், இறக்கியபின் எண்ண வேண்டும். எண்ணாமல் அனுப்பிய சரக்கில் குறைந்தால் கேட்க வாயில்லை. 3,871 என்பது கணினி சொன்ன எண். நான் எண்ணியதில்லை.

"எண்ணிட்டுக் கொண்டாறேன்" என்றேன்.

அந்த அம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி என்னைப் பார்த்தார். "என்னத்த எண்ணப் போறீங்க? நான் ஒண்ணும் தின்னுட மாட்டேன் அங்கிள்."

"அதில்லம்மா. வழக்கம்."

"வீட்டுல தொறக்காதீங்க. சொல்லிட்டேன்."

கயிற்றைத் திரும்பக் கட்டும்போது இன்னொருமுறையும் சொன்னார். இரண்டு முறை சொன்னார் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து திறந்தேன். ஒரு கடின அட்டை நோட்டை எடுத்து மூன்று கட்டம் போட்டேன்: வரிசை எண், தேதி, அளவு. திரையில் ஒவ்வொரு கோப்புக்கும் எதிரே எத்தனை கேபி என்று இருந்தது. மூட்டைக்கு எடை எழுதுவதுபோல் அதையும் எழுதினேன். பெரும்பாலும் 24, 25, 26. மகளுக்கு முதல் குழந்தை பிறந்த நாளில் 38. பார்த்தால் வரிசை குலையும் என்று ஒரு பக்கத்தையும் திறக்கவில்லை. காலை ஏழரைக்கு உட்காருவேன், பதினொன்றரைக்கு எழுவேன், மாலையில் மீண்டும். அணைத்தால் திரும்பத் திறக்கப் பதினேழு நிமிடம் வீணாகும் என்று மூன்று நாளும் அணைக்காமலே வைத்திருந்தேன். தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டாம் நாள் நிமிடத்துக்கு நான்கு. மூன்றாம் நாள் பதினொன்று. அதையும் நோட்டின் ஓரத்தில் குறித்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை 11.05க்கு எண்ணி முடித்தேன். 3,871. கணினி சொன்னது சரி.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் துறைமுகத்தில் எதையும் இரண்டு பேர் எண்ணுவோம். கப்பல் பக்கம் ஒருவர், கரைப் பக்கம் ஒருவர். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால்தான் கையெழுத்து. இரண்டாவது ஆள் எனக்கு இல்லை. நானே கரைப்பக்கத்து ஆளாக முதலிலிருந்து தொடங்கினேன். 412ஆம் வரியில் தட்டும் சத்தம் நின்றது. நல்லதாயிற்று என்றுதான் நினைத்தேன். பிறகு திரை நீலமானது. பிறகு கருத்தது. அதன்பின் எத்தனை முறை பொத்தானை அழுத்தினேன் என்று மட்டும் எண்ணவில்லை.

திங்கட்கிழமை மறுபடி பதினான்கு நிறுத்தம், 640 காலடி, இருபத்திரண்டு படி. அந்த அம்மா எஸ்எஸ்டியைத் தயாராக வைத்திருந்தார். சீட்டுக்கட்டைவிடச் சற்றுப் பெரியது, எடையே இல்லை. பழையதைப் பொருத்தினார். நாலு சதவிகிதம் என்று வந்து நின்றுவிட்டது.

"தொறந்தீங்களா?"

"மூணு நாள்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நாற்காலியை இழுத்துப் போட்டு, கீழே கடையிலிருந்து பால் ஊற்றாத தேநீர், ஒரு தே ஓ, வரவழைத்துக் கொடுத்தார். பெட்டாலிங் ஜெயாவில் இதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது, தட்டைக் கழற்றி எடுத்துப் பார்ப்பார்கள், செலவாகும், உத்தரவாதம் கிடையாது என்றார். அனுப்புங்கள் என்றேன்.

ஐந்து வாரம் கழித்துக் கூப்பிட்டார். போனேன். கணினி மேசைமேல் இருந்தது. பொத்தானை அழுத்தினார். பத்தொன்பது வினாடியில் திறந்தது. அதே நீலப் பின்புலம், அதே மூலையில் குப்பைத்தொட்டி, அவள் வைத்திருந்த செம்பருத்திப் படம். தமிழ் மென்பொருளும் திறந்தது. 'அ' அடித்தால் 'அ' வந்தது.

"விண்டோஸ் முழுசா வந்துடுச்சி அங்கிள். அதெல்லாம் தட்டுல நல்ல பக்கத்துல இருந்துச்சாம். டைரி இருந்த பக்கந்தான் ரொம்ப கீறிடுச்சி."

"எத்தன வந்துச்சி?"

"நூத்து நாப்பத்துமூணு."

அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். அவற்றில் 131 நான் ஏற்கெனவே படித்தவை. படிக்காதவை பன்னிரண்டு. எல்லாம் 2012. சாமான் இல்லாத வீட்டை அப்படியே இடம் மாற்றிக் கொடுத்திருந்தார்கள்.

மகளிடம் தொலைபேசியில் சொல்ல முடியவில்லை. அந்த ஞாயிறு அவளே கிள்ளானுக்கு வந்தாள். சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். நடந்ததை வரிசையாகச் சொன்னேன்.  முடித்ததும் அவள் சொன்னாள்:

"ஒரே ஒரு நாள் தள்ளிப் பாருங்கன்னு எத்தன தடவ கேட்டிருப்பேன்?"

தொண்ணூற்றொரு ஞாயிறு. சொல்லவில்லை. எழுந்துபோய் நோட்டை எடுத்து வந்தேன். அதைக் காட்டுவதில் ஆறுதல் இருக்கும் என்று நினைக்கவில்லை. கையில் இருந்தது அது மட்டுமே. 2,284ஆம் வரியில் விரலை வைத்தேன். 2016 அக்டோபர் 15. எதிரே 61.

"இது என்ன நம்பர்?"

"அன்னிக்கு அம்மா எழுதுன அளவு. மத்த நாளெல்லாம் இருவத்தஞ்சு, இருவத்தாறு."

அவள் நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு முன்னும் பின்னும் புரட்டினாள். ஐம்பதைத் தாண்டிய எண் வேறு எங்காவது இருக்கிறதா என்று தேடுகிறாள் என்பது தெரிந்தது. இல்லை. நான் முன்பே தேடிவிட்டேன். 3,871இல் அதுதான் பெரியது.

"காய்ச்சல்ல படுத்திருந்தவங்க இவ்ளோ எழுதுவாங்களாப்பா?"

எனக்குத் தெரியவில்லை. அன்று மாலை நான் வீடு திரும்பியபோது என் மனைவி கணினி முன் இருந்தாளா, படுக்கையில் இருந்தாளா என்பதும் நினைவில் இல்லை. கோபத்தில் எழுதியதா, அழுது எழுதியதா, மகளுக்கென்று எழுதி வைத்ததா? மகள் அந்த வரியைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, மழைக்கு முன் போய்விட வேண்டும் என்று கிளம்பினாள். அடுத்த ஞாயிறு கூப்பிட்டாள்; எந்த வருடம் என்று கேட்கவில்லை.

மீதிப் பன்னிரண்டு பக்கங்களையும் நாளுக்கு ஒன்றாகப் படித்து முடித்துவிட்டேன். கடைசிப் பக்கத்தில் அன்று மீன் வாங்கியதும், நான் மீதிச் சில்லறையை இருமுறை எண்ணியதும் இருக்கின்றன. எஸ்எஸ்டி, அந்த அம்மாவின் கூலி, பெட்டாலிங் ஜெயாக்காரர்களுக்குக் கொடுத்தது, முதியோருக்கான அரைக்கட்டணத்தில் ரயில் சீட்டு, கடின அட்டை நோட்டு, எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு 2,164 ரிங்கிட் 40 சென்.