முதலில் போன் செய்தது யார்?

எங்கள் நாட்டில் இரண்டு கட்சிகள். கொள்கையில் வித்தியாசம் தேடினால் கண்தான் வலிக்கும். விடுதலை நாளன்று முதலில் போன் செய்த தலைவர் மீசைக்காரரா, கண்ணாடிக்காரரா என்பதில்தான் இன்றுவரை தகராறு. பதில் தெரிந்தவர், தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா. அவரை யாரும் கேட்டதில்லை.

பழைய அரசு மூட்டை கட்டிக்கொண்டு போயாகிவிட்டது. தலைவர்கள் இருவரும் அன்று மாலை தனித்தனியே கொடியேற்றப் போவதாக அறிவித்திருந்தார்கள். மைதானம் ஒன்று, கம்பமும் ஒன்று. அக்காவின் கணவர் மீசைக்காரரின் தொண்டர். தம்பி கண்ணாடிக்காரரின் தொண்டன். காலையில் இருவரும் ஒரே வாசலிலிருந்து தடியோடு கிளம்பினார்கள்.

"மாமா, கம்பத்துப் பக்கம் வந்தீங்க, உறவெல்லாம் பார்க்க மாட்டேன்."

"வா மச்சான், வா. உங்க அக்காகிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன்."

மதியம் இரண்டு கட்சி அலுவலகங்களும் ஆஸ்பத்திரிக்கு இணைப்புக் கேட்டன. இரண்டும் கேட்டது ஒன்றே: "கட்டில் எத்தனை காலியா இருக்கு?"

அக்கா காலையில் வாசலில் பார்த்த இரண்டு தடிகளையும் நினைத்தார். தலைவர்களோ ஒருவரையொருவர் கூப்பிடுவதாக இல்லை. "அவன் கூப்பிடட்டும், பார்க்கலாம்" என்று இரு பக்கமும் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

யாரும் கேட்காமல் இணைப்புக் கொடுத்தால் வேலை போகும். மேற்பார்வையாளரின் பூட்ஸ் சத்தம் அறையின் அந்தக் கோடிக்குப் போகும்வரை காத்திருந்தார். பிறகு இரண்டு பக்கமும் மணியடித்தார்.

"ஐயா, அவர் லைன்ல இருக்காரு" என்றார் மீசைக்காரரிடம். பொய். அதையே கண்ணாடிக்காரரிடம் சொன்னபோது உண்மையாகிவிட்டது.

இரு பக்கமும் மூச்சு மட்டும் கேட்டது. பூட்ஸ் சத்தம் திரும்பி வந்தது.

"சொல்லு."

"நீ சொல்லு. நீதானே கூப்..."

அக்கா குறுக்கே புகுந்தார். "ஐயா, லைன் தாங்காது. சீக்கிரம் பேசுங்க."

அவசரத்தில் மானம் மறந்துபோகும். இருவரும் பேசினார்கள்.

பூட்ஸ் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றது. "இந்த லைன் யாரு கேட்டது?"

"ரெண்டு பேருமே கேட்டாங்க சார்."

பூட்ஸ் நகர்ந்தது.

மாலையில் இருவரும் ஒரே கயிற்றை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக் கொடியேற்றினார்கள். கொடி கோணலாக ஏறியது. எதற்கும் இருவர் கையெழுத்தும் வேண்டும் என்று அன்று போனில் பேசி முடிவெடுத்ததால்தான் இன்றும் எந்த அலுவலகத்திலும் ஒரு கோப்பும் நகர்வதில்லை. ஆனால் எவனும் தனியாக நாட்டை விழுங்கவும் முடியவில்லை.

கணவரும் தம்பியும் முழுசாக வீடு திரும்பினார்கள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

"உங்காளுதான் இறங்கி வந்து போன் பண்ணினாராம் மச்சான்."

"யாரு, எங்காளா? உங்க மீசைதான் மாமா பண்ணுச்சு."

உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தார். "ரெண்டு தடியையும் இங்க குடுங்க, அடுப்புக்கு விறகு இல்ல. கையக் கழுவிட்டு வந்து சண்டை போடுங்க."