ஒரு வீட்டு அகலம்

எங்கள் தெருத் தையல்காரிக்குக் கத்தரி என்று பட்டப்பெயர். துணியை வெட்டுவதைவிட ஆளை வெட்டுவதில் கெட்டிக்காரி. வாயைக் கொடுத்தவன் தைத்துக்கொண்டுதான் போகவேண்டும்.

பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் கரைக்குக் கருங்கல் கொட்டிக்கொண்டார்கள். அங்கே வேலை நடக்காத கடல் எங்கள் பக்கம் திரும்பியது. படகு இழுத்துவைக்கும் இடம் போனது. அப்புறம் முன்வரிசை வீடுகளின் கொல்லைப்புறம் ஒவ்வொன்றாகப் போனது. நாங்களும் கல் கொட்டுவோம் என்று தெருவே கத்தியது.

"கொட்டுங்க. அடுத்த ஊரு போகும். அவங்களும் கொட்டுவாங்க. கடல் எங்கயாவது தின்னத்தான் போகுது" என்றார் அரசாங்க இன்ஜினியர்.

அவர் சொன்ன வழி வேறு. முன்வரிசையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கரை நெடுக மணல்மேடு போடுவது, அதன்மேல் புல் வளர்ப்பது. மணலைக் கப்பல் கொண்டுவரும், ஆனால் மழைக்கு முன்பு மட்டும்தான். ஒரு வீட்டு அகலம் திறந்து கிடந்தாலும் தண்ணீர் அந்த வழியாக உள்ளே வந்து மேட்டைப் பின்பக்கமிருந்து கரைத்துவிடும்.

அதிகாரிகளோடு மல்லுக்கு நிற்க ஆள் வேண்டும் என்று தெருக் குழுவுக்குக் கத்தரியைத் தலைவியாக்கினார்கள். அவளும் நின்றாள். "சாவி கைக்கு வராம ஒரு செங்கல்லத் தொட விடமாட்டேன்" என்றாள். பஸ் போகிற தூரத்தில் உள்ளே தள்ளி வீடுகள் கட்டி முடித்துச் சாவி கொடுத்த பிறகுதான் இடிக்க விட்டாள்.

முன்வரிசையில் எல்லோரும் நகர்ந்தார்கள், ஒருவரைத் தவிர. அவர் கத்தரியின் சொந்த அண்ணன். படகு எஞ்சின் பழுது பார்ப்பவர்.

"அங்க எந்தப் படகும்மா வரும்? நான் என்ன பஸ்ஸுக்கா எஞ்சின் பாக்கப் போறேன்?"

கேள்வி நியாயமானது. கரையோரம் அவருக்கு ஒரு கொட்டகை கேட்டு அவள் ஆபீஸுக்கு நடையாய் நடந்தாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்றார்கள். அந்தப் பார்க்கலாமுக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும். மணல் கப்பலோ வந்து நின்றுவிட்டது.

அன்றே வேலையைத் தொடங்கினாள். அண்ணனிடம் எஞ்சின் கொடுப்பவன் தன் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தாள். அவள் கணவர் லைன்மேன். அண்ணன் வீட்டுக் கரண்டை வெட்டச் சொன்னாள்.

"உன் கூடப் பொறந்தவருடி!"

"அதுக்குத்தான் சொல்றேன். எங்க அண்ணன நான் விட்டா, நாளைக்கு எவன் எம் பேச்சக் கேப்பான்?"

அவர் கம்பம் ஏறினார். மறுநாள் அந்த வீட்டுக் குழாயை அடைத்தார்கள்.

நடு மத்தியானம் அண்ணி குடத்தோடு கத்தரியின் வாசலுக்கு வந்தாள். "ஒரு குடம் தண்ணி குடும்மா. அவருக்குக் காய்ச்சல் அனலாக் கொதிக்குது."

"லாரி தெருமுனையில நிக்குது அண்ணி. புது வீட்டுக் குழாயில தண்ணி கொட்டுது. போங்க" என்று கதவைச் சாத்தினாள். எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு சொம்பு தண்ணீர் எந்த வீட்டிலிருந்தும் வரவில்லை.

மறுநாள் காலையில் காய்ச்சலோடு அவரே சாமான்களை ஏற்றினார். லாரி முனை திரும்புவதற்குள் சுவர் விழுந்துவிட்டது.

மேடு நின்றது. வீட்டுக்கு ஒரு பாத்தி என்று பிரித்துக்கொண்டு புல் நட்டார்கள். ஆடு ஏறாமல் வேலி போட்டார்கள். கரைந்த இடத்துக்கு வருஷா வருஷம் மணல் வந்தது. வெளியூர்க்காரர்கள் பார்க்க வந்து, எப்படி எல்லோரையும் சம்மதிக்க வைத்தீர்கள் என்று கேட்டார்கள். "ஒத்துமைங்க, வேற என்ன" என்றார் டீக்கடைக்காரர். கத்தரி தலைநிமிராமல் நூலைப் பல்லால் கடித்தாள்.

தெருவும் அவளைச் சும்மா விடவில்லை. பள்ளிக்கூடச் சட்டை தைக்கக் கொடுத்தார்கள். கல்யாணத் துணி மட்டும் கொடுக்கவில்லை. கூடப்பிறந்தவன் குடியைக் கெடுத்தவள், கை ராசி கிடையாது என்று பேச்சு. பேசியவர்கள் அனைவரும் அந்த மேட்டுக்குப் பின்னால் நிம்மதியாகத் தூங்குகிறவர்கள்.

பிறகு ஒரு பெரும்புயல் வந்தது. கடல் பாதி மேடு வரை ஏறி, இறங்கிவிட்டது. அதைச் சொல்லத்தான் கத்தரி பஸ் பிடித்து அண்ணனைப் பார்க்கப் போனாள். படகு இல்லாத ஊரில் அவர் ஒரு குடோனுக்கு வாட்ச்மேனாகியிருந்தார். எஞ்சின் மசி படிந்திருந்த விரல்களெல்லாம் இப்போது வெளுத்துக் கிடந்தன.

"உன் வீடு இருந்த இடத்துக்கு மேல தண்ணி போச்சுண்ணே. இருந்திருந்தா நீயும் அண்ணியும் அதோட போயிருப்பீங்க."

"கடல் எடுத்திருந்தா தலையெழுத்துன்னு விட்டிருப்பேன்" என்றார் அவர். "எடுத்தது நீ."

"உசுரோட இருக்கியேண்ணே!"

"இருக்கேன். இந்தக் கேட்டத் தொறந்து மூடிக்கிட்டு."

லாரி ஒன்று ஹாரன் அடித்தது. அவர் எழுந்து கேட்டைத் திறந்துவிட்டார். லாரி உள்ளே போனதும், அவளை வெளியே விட்டுச் சாத்தித் தாழ் போட்டார். அடுத்த பஸ் வரும்வரை அவள் வெயிலில் நின்றாள். உள்ளேயிருந்து யாரும் கூப்பிடவில்லை.