அப்பா சிரித்த பன்னிரண்டாம் நாள்

1. அப்பாவின் மார்பெலும்பைப் பிளந்து இதய அறுவை சிகிச்சை செய்தார்கள். பிறகு எலும்பைக் கம்பியால் கட்டி அனுப்பினார்கள்.
2. எலும்பு கூடுவதற்கு ஆறு வாரம் ஆகும், அதுவரை பலமாக இருமவோ சிரிக்கவோ கூடாது என்றார் மருத்துவர்.
3. பழைய பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர்களின் பட்டியல் ஒன்றை அப்பாவுக்கு எழுதிக் கொடுத்தேன்.
4. பன்னிரண்டாம் நாள் காலை அவர் வாய்விட்டுச் சிரித்தார். நெஞ்சுக்குள் 'டக்' என்றது.

மூன்றாவதற்கு நான்தான் பொறுப்பு. சாலைக் கடைத்தெருவில் நாள் முழுக்கப் பேசி இரும்புச் சாமான் விற்ற அப்பா, சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபின் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனம் எனக்குப் பயமாக இருந்தது. நான் பள்ளியில் படித்தபோது, கிழக்கேகோட்டையில் வாங்கிய குறுவட்டுகளில் நாங்கள் இருவரும் பார்த்த தொடர்கள் அவை. முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லாமல் அபத்தத்தைச் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகும் மனிதர்கள். பட்டியலில் முதலில் குடை பழுதுபார்க்கும் இரு சகோதரர்களின் தொடரை எழுதினேன். அதற்குப் புன்னகைதான் வரும். பிறகு ஓய்வுபெற மறுக்கும் தபால் குமாஸ்தா. கடைசியில், சவப்பெட்டிகளை எப்போதும் மாற்றி அனுப்பிவிடும் குடும்பம். அது எலும்பு கூடிய பிறகு பார்ப்பதற்கு. நான் மென்பொருள் சோதிப்பவள். சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றுவோம்.

அலுவலகத்துக்கு அம்மாவின் அழைப்பு வந்தது. "மக்களே, அப்பாக்கு நெஞ்சுல என்னமோ டக்குன்னு கேட்டுச்சாம். வேகம் வா."

காரில் அப்பா தலையணையை நெஞ்சோடு அணைத்திருந்தார். மூச்சு விடும்போதெல்லாம் அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. பழவங்காடியில் வண்டி நின்றுவிட்டது. கோயில் முன்னால் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தேங்காய் சிதறும்போதும் என் கை அவர் நெஞ்சுக்குப் போனது.

"எதைப் பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"பெட்டி மாறிப்போறதுதான். அடியிலேந்துதானே தொடங்கணும்? அடியில உள்ளதல்லே கனம் கூடின சாதனம்?"

அப்போதுதான் உறைத்தது. கடைக்கு வரும் சாமான் சீட்டுகளில் ஆணியும் கீலும் மேலே இருக்கும். கம்பியும் குழாயும் அடியில். கனமானதை முதலில் வண்டியில் ஏற்ற வேண்டும் என்பதால் அப்பா எந்தச் சீட்டையும் அடியிலிருந்துதான் படிப்பார். அந்தக் கடையில் வளர்ந்த எனக்கு இது தெரியும். தெரிந்தும், எதை எப்போது பார்க்க வேண்டும் என்று தேதி போடாமல் கொடுத்திருந்தேன்.

"சிரிச்சதுக்கு ஆசுபத்திரி போற ஆளு நான் ஒருத்தன்தான் இருக்கும், அல்லே?" என்றார். அவர் உதடு துடித்தது.

"மிண்டாம வாய மூடிட்டு இருங்க!" அம்மா அழுதுகொண்டே அதட்டினாள். "இனியும் சிரிச்சா நான் வண்டியிலேந்து இறங்கிப் போயிருவேன்."

கம்பி ஒன்று அறுந்து எலும்பு விலகியிருந்தது. மறுபடியும் நெஞ்சைத் திறந்தார்கள். நான்கு மணி நேரம். அந்தக் கதவு திறந்து யாராவது சிரிக்காத முகத்தோடு வருவார்களோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டு மாதமாகிறது. எலும்பு கூடிவிட்டது, இனித் தடையில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அப்பா கடைக்குப் போகிறார். மாலையில் நாங்கள் அந்தத் தொடர்களைப் பார்க்கிறோம். சிரிப்பு வரும் இடத்தில் அவர் என் முகத்தைப் பார்க்கிறார். சிரியுங்கள் என்று நான் இன்னும் சொல்லவில்லை.