டிம்ப்னா ஓசியில் ஊற்றிய அன்று

டிம்ப்னா கியரின் எங்களுக்கு ஓசியில் பீர் ஊற்றினாள் என்றால் எங்கள் ஊர் கில்ராவினில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். ஊற்றினாள், நானே குடித்தேன். கோர்ட்டில் சத்தியம் செய்து அதைச் சொன்னபோது என் மனைவியே சிரித்துவிட்டாள்.

அப்படிப்பட்ட கஞ்சம் அவள். டீயில் இன்னும் கொஞ்சம் சுடுதண்ணீர் கேட்டால் அதற்கும் காசு. அப்பா விட்டுப்போன பப்பை இளவயதிலிருந்து ஒண்டியாக நடத்துகிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீடு, பிழைப்பு எல்லாம் அந்த பப்தான்.

தபால்காரர் கோல்மனை அடக்கம் செய்த அன்று, மூடும் நேரம் தாண்டியும் நாங்கள் உள்ளே உட்கார்ந்திருந்தோம். போலீஸ் சார்ஜென்ட் டோலன் கதவைத் தட்டினார். நேரம் கடந்து ஊற்றுவது குற்றம்; ஏற்கெனவே அதற்காக அவள் அபராதம் கட்டியவள். கீழ்க் கோர்ட்டில் வாயே திறக்கவில்லை. மது உரிமம் வைத்திருக்கத் தகுதியற்றவள் என்று தீர்ப்பாகிவிட்டது.

அதை எதிர்த்துத்தான் மேல்முறையீடு. எங்கள் அயர்லாந்துச் சட்டத்தில் ஒரு சந்து உண்டு. பப்காரர் தன் நண்பர்களுக்குத் தன் செலவில் ஊற்றினால், நேரம் கடந்தாலும் குற்றமில்லை.

"'அவங்க என் ஃப்ரெண்ட்ஸ், காசு வாங்கல.' இவ்வளவு சொன்னாப் போதும்மா," என்று வக்கீல் ரோனன் அவளிடம் படித்துப் படித்துச் சொன்னார்.

முதலில் சார்ஜென்ட் சாட்சிக் கூண்டில் ஏறினார். "ஜட்ஜம்மா, மழைக்கு ஒதுங்கி நின்ன என்னையே டீ வாங்க வெச்ச பொம்பளை இவ. இவளாவது, ஓசியாவது!"

கோர்ட்டே சிரித்தது. எனக்கு அந்த ஆள்மேல் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சிரித்தேன்.

அடுத்து நான் ஏறி, காசு கொடுக்கவில்லை என்று சத்தியம் செய்தேன். பிறகு டிம்ப்னா.

"அன்னைக்குக் காசு வாங்கினீங்களா?" என்றார் ரோனன்.

"இல்ல."

"அங்க இருந்தவங்க உங்க ஃப்ரெண்ட்ஸ்தானே?"

அழுகல் மீனைப் பார்ப்பதுபோல எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "இதுங்களா? இல்லவே இல்ல."

ரோனன் தலையில் கைவைத்தார். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"அப்புறம் எதுக்கும்மா ஊத்துனீங்க?" என்று நீதிபதியே கேட்டார்.

"இவங்க கோல்மனோட ஃப்ரெண்ட்ஸ்." நீதிபதி பக்கம் திரும்பினாள். "கட்டிக்கிறியான்னு கேட்டான். டூரிஸ்ட் சீசன் முடியட்டும்னேன். ஒவ்வொரு வருஷமும் கேட்டான், ஒவ்வொரு வருஷமும் அதையேதான் சொன்னேன். அன்னைக்கு இவங்க அவனைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தாங்க. எந்திரிச்சுப் போங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல. அதுக்குப் போய் காசு வாங்குவேனா?"

தினமும் அவள் முகத்தில் விழிக்கும் எங்களில் ஒருவனுக்கும் இது தெரியாது. வெட்கமாக இருந்தது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க துக்கத்துல கூட உக்காந்தவங்க, நீங்க எப்படித் திட்டினாலும், ஃப்ரெண்ட்ஸ்தாம்மா. சட்டத்துக்கு அது போதும்." தகுதி நீக்கம் ரத்து.

எங்கள் ஊரில் ஒருவரை அடக்கம் செய்யும்போது, இழந்தவர்களின் கையைப் பிடித்து ஒவ்வொருவராகத் துக்கம் சொல்வோம். அன்று கோல்மனின் அக்காவுக்குச் சொன்னோம். சர்ச்சில் கடைசி பெஞ்சில் இருந்த டிம்ப்னாவுக்கு யாரும் சொல்லவில்லை.

கோர்ட் வராந்தாவில் யாரும் யாருக்கும் சொல்லாமலே வரிசை கட்டினோம். முதல் ஆள் சார்ஜென்ட் டோலன். தொப்பியைக் கழற்றிவிட்டு அவள் கையைப் பிடித்தார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு டிம்ப்னா."

"இப்பத்தான் துக்கம் சொல்ல வழி தெரிஞ்சுதா?" என்றாள். ஆனால் அவள் அவர் கையை விடவில்லை.