செல்லம்மாவைத் தனியாகப் படித்தவள்

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் தமிழ் இலக்கியத் தாள் முடிந்ததும் நாங்கள் நான்கு பேரும் பள்ளி கேண்டீனில் உட்கார்ந்து விடைகளைப் பற்றிச் சண்டை போட்டோம். பாட நாவலில் வரும் செல்லம்மா ஏன் வீட்டைவிட்டுப் போனாள் என்பதுதான் கேள்வி.

“கோவத்துலதான் போனா,” என்றேன்.

“இல்லலா, பயத்துல,” என்றாள் என் தோழி.

பக்கத்து மேசையில் வேறு பள்ளி மாணவி ஒருத்தி இருந்தாள். எங்கள் பள்ளிதான் தேர்வு மையம் என்பதால் வந்தவள். மெலிந்த உடம்பு, வெளுத்துப்போன பாஜு கூரோங் சீருடை. காலையிலிருந்தே ஒதுங்கி நின்றதால் தலைக்கனம் பிடித்தவள் என்று நினைத்திருந்தோம். ஆனால் செல்லம்மா பெயர் அடிபட்டபோதெல்லாம், சொந்தக்காரர் பெயரைக் கேட்டதுபோல் நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்க ஸ்கூல்ல எத்தன பேரு இலக்கியம் எடுத்தீங்க?” என்று கேட்டேன்.

“நான் மட்டும்தான். டீச்சரும் இல்ல. கோலா சாவா எஸ்டேட்ல, வீட்டுலயே படிச்சேன்.”

“இங்க வந்து உக்காருங்கலா.”

வந்து உட்கார்ந்தாள். “நீங்க பேசுங்க. இந்தக் கதைய யாரும் பேசி நான் கேட்டதே இல்ல.”

அதன்பின் எங்களுக்கு வேகம் வந்துவிட்டது. அவள் கேட்கிறாள் என்பதற்காகவே விட்டுக்கொடுக்காமல் வாதாடினோம். ஒரு மணி நேரம் கழித்து அவளுடைய அப்பாவின் மோட்டார் வாசலில் வந்து நின்றது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, “நல்லா இருந்துச்சு,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. செல்லம்மா ஏன் போனாள் என்று அவளிடம் நாங்கள் ஒருவர்கூடக் கேட்கவில்லை.